கெனார்த்தில் நடு வீதியில் நின்ற கதை

2007 ஓகஸ்டில் ஒரு கலியாணத்துக்காக லண்டன் போயிருந்தோம். எல்லாம் முடிந்தும் நான்கு நாள் மிச்சமிருந்தது. வேல்சில் கெனார்த் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தைப் பார்ப்போம் என்றேன். உண்மையைச் சொன்னால், ஓயாமல் நடந்துகொண்டிருந்த ஒரே பேச்சிலிருந்து தப்பவும்தான். என் மனைவி வசந்தியின் தம்பி, ஆங்கிலம் பேசும் ரொறன்ரோவில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கும் ஒரு வீடு பார்த்துவிட்டான். மாத முடிவுக்குள் பதில் வேண்டும். பதினொரு வருடம் மொன்றியலில் இருந்தும் பிரெஞ்சு தன் வாயில் நுழையவில்லை, இனியும் நுழையாது என்பது வசந்தியின் கட்சி. எனக்கும் பத்து வயது மகள் அனுஷாவுக்கும் மொன்றியலில் நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனை விட்டு அசைய மனமில்லை.

வாடகைக் காரில் காலை 6.10க்கு லண்டன் ஹரோவிலிருந்து புறப்பட்டோம். செவேர்ன் பாலத்தில் ஐந்து பவுண் சொச்சம் வாங்குவார்கள்; திரும்பி வரும்போது கேட்பதில்லை. கார்மார்தன் நகரிலிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டர், ஒடுங்கிய வீதி.

கெனார்த்துக்கு ஒரு மைல் இருக்கும்போது, தார் மேல் வெள்ளை நிறத்தில் ஏ, ஆர் என்று தொடங்கும் ஒரு சொல் வந்தது. மொன்றியலில் சந்திக்குச் சந்தி சிவப்புப் பலகையில் 'அரே', அதாவது 'நில்', என்று பார்த்துப் பழகிய கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நடு வீதியில் நின்றுவிட்டோம். பின்னால் வந்த வான் ஒரு முழம் தள்ளி நின்றது.

வான்காரர் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். வசந்தி கண்ணாடியை இறக்கி, மளமளவென்று பிரெஞ்சில் பேசினாள்: மன்னிக்க வேண்டும், கணவர் பிழையாக விளங்கிவிட்டார், நாங்கள் இந்த ஊர் இல்லை, பின்னால் பிள்ளை இருக்கிறாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

"அம்மா, அவருக்குப் பிரெஞ்சு விளங்காது," என்றாள் அனுஷா.

அவர் என்னிடம் ஆங்கிலத்தில், "அது 'ஆராவ்'. மெதுவாகப் போ என்று அர்த்தம். நிற்கச் சொல்லவில்லை," என்றார். கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததை அப்போதுதான் கண்டேன். வெட்கமாக இருந்தது.

11.40க்குக் கிராமம். முழுவதையும் நடந்து பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். டைவி ஆறு பாறைப் படிகளில் இறங்கி விழுகிறது; நயாகரா பார்த்தவர்கள் உயரத்தை எதிர்பார்க்க வேண்டாம். பழைய கல் பாலத்தின் உடம்பில் பெரிய வட்ட ஓட்டைகள் இருக்கின்றன. பாரத்தைக் குறைக்கவும் வெள்ளத்தை விடவும் என்றார்கள். பக்கத்துக் காட்சிசாலையில் கொரக்கிள் என்ற ஒற்றை ஆள் தோணிகள் உண்டு. மீன் பிடிப்பவர்கள் அதை முதுகில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்கு நடப்பார்களாம். அங்கிருந்த படத்தில் ஆமை எழுந்து நடப்பது போலிருந்தது. சலமன் மீன் துள்ளுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இலையுதிர் காலத்தில் போங்கள். பாறை வழுக்கும், செருப்பு சரிவராது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

நாங்கள் ஆற்றங்கரையில் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். வசந்தி கோபிப்பாள் என்று நானும் அனுஷாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

"பயத்தில எனக்குத் தமிழும் வரேல்லை, இங்கிலீசும் வரேல்லை," என்றாள் கடைசியில்.

"ஓம்," என்றேன்.

கையைத் துடைத்துவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீடு வேண்டாமெண்டு தம்பிக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ. நான் கதைச்சா அழுதிடுவன்."