படம் கேட்டாரா, படங்கு கேட்டாரா?

சென்ற மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் நான் இருக்கும் வால்டோர்ஃபிலிருந்து வுப்பர்டால் போய் வந்தேன். ரெஜினா அக்காவின் மகனுக்கு ஞானஸ்நானம். அக்கா இலங்கை மன்னார்க்காரர். மதுரையிலிருந்து வந்து இறங்கிய புதிதில் அவர் வீட்டு மாடியில் ஆறு மாதம் குடியிருந்தேன். அத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டவர். என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒன்று கேட்டுக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"தம்பி, எங்கட படங்கு காத்துக்குக் கிழிஞ்சு போச்சு. நல்ல பெரிய படங்கு ஒண்டு கிடைச்சாக் கொண்டு வாங்கோ."

வாங்கோ, போங்கோ மாதிரி 'படம்' அவர்கள் வாயில் 'படங்கு' ஆகிறது என்று நானே ஓர் இலக்கணம் எழுதிக்கொண்டேன். கத்தோலிக்கக் குடும்பம், விசேஷ வீடு, வேறென்ன படம்? பழைய பொருள் சந்தையில் முப்பது யூரோவுக்கு மாதா படம் ஒன்று வாங்கினேன். ஒரு மீட்டர் உயரம், கண்ணாடிச் சட்டம். வழியில் உடையாமலிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை மூடும் பழைய முரட்டுத் துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

காலை 6.40க்கு ரயில். மான்ஹைமிலும் கொலோனிலும் மாறி, சுமார் 300 கிலோமீட்டர் கடந்து 10.20க்கு வுப்பர்டால். முன்கூட்டியே எடுத்ததால் டிக்கெட் 39 யூரோ 90 சென்ட். அங்கிருந்து தொங்கு ரயிலில் கடைசி நிறுத்தம் வரை பதினெட்டு நிமிடம். ஆற்றுக்கு மேலே தொங்கியபடியே போகும், ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். நான் மாதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விருந்து அக்காவின் வாடகைத் தோட்டத்தில். நாற்பது பேருக்கான சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வெட்டவெளி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன. வானம் கறுத்துக் கிடந்தது. நான் பெருமையாகப் படத்தைப் பிரித்தேன்.

"வடிவா இருக்கு தம்பி. படங்கு எங்க?"

"இதுதானேக்கா?"

"இது படம். நான் கேட்டது மழைக்கு மேல கட்டுற படங்கு."

"தார்ப்பாயா?"

"ஓம், அதுதான்."

ஜெர்மன் தேர்வு பாஸ் செய்தவன் தமிழில் ஃபெயில். முதல் தூறலும் விழுந்தது. அக்கா என் காலடியைப் பார்த்தார்.

"அப்ப, மாதாவைச் சுத்திக் கொண்டந்தது என்ன?"

கீழே கிடந்த துணி மூன்றுக்கு நான்கு மீட்டர் இருக்கும், ஓரமெல்லாம் கயிறு கோக்கத் துளைகள். ஐந்தே நிமிடத்தில் அதை நாலு மரங்களில் இழுத்துக் கட்டினோம். அப்புறம் கொட்டிய மழையில் ஒரு சொட்டுகூடக் கறிச்சட்டியில் விழவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஊரில சாக்கைத் தைச்சு நெல்லுக் காயப் போடுறதும் படங்குதான்" என்றார் அக்கா, சோறு போட்டபடி. திரும்பும் ரயிலில் அகராதியைத் திறந்தேன். கூடாரம், மேற்கட்டி என்றெல்லாம் பொருள் போட்டிருந்தது. பழைய தமிழ்ச் சொல்தான். என் காதில்தான் விழாமல் போயிருக்கிறது.

போகிறவர்களுக்கு: கொலோனில் ரயில் மாற இருபது நிமிடமாவது விடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்னும் மாதச் சீட்டு இருந்தால் தொங்கு ரயிலுக்குத் தனிச் சீட்டு வேண்டாம். மே மாதம்தானே என்று குடையை விட்டுப் போகாதீர்கள். சொல் புரியாவிட்டால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.

கிளம்பும்போது அக்கா படங்கை உதறி மடித்துத் தந்தார். மாதா அங்கேயே தங்கிவிட்டார்.

"அடுத்த மாசமும் வாங்கோ தம்பி."

"என்ன கொண்டு வரணும்க்கா?"

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் சும்மா வாங்கோ."

இந்தமுறை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.