கள்ளிப்பூத் தேனும் ஒரு பச்சைப்புள்ளையும்

தேனீக்குப் பயப்படுகிறவன் தேன் வியாபாரத்துக்கு வரவே மாட்டான். வந்த பிறகு பயமெல்லாம் பூவைப் பற்றித்தான். சரக்கைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்களுக்கு இது புரியும். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாளில் நான் அங்கே தேன் விற்றேன்.

உறைந்த புட்டி

கடற்கரைத் தெரு அந்தோணியம்மாக்கா என் வாடிக்கை. எட்டயபுரம் பக்கத்துக் கொத்தமல்லிக் காட்டுத் தேன் ஒரு புட்டி கொடுத்திருந்தேன். மார்கழிக் குளிரில் அது ரவை ரவையாக உறைந்துபோச்சு. அடுத்த நடையில் தெருவே கூடி நின்றது. "எப்பவும் தர்ற உடைமரத்துத் தேன் உறையாதுக்கா, கொத்தமல்லிப் பூத் தேன் குளிர்ல உறையும்" என்றேன். அடி விழுமோ என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அக்கா சொன்னாங்க: "சீனியக் காய்ச்சி ஊத்திட்டு, பூவு மேல பழி போடுதியால? இனிமே நீ முதல்ல நக்கிக் காட்டு, பொறவு நான் வாங்குதேன்."

வாயில் புகையிலை

அதுவே வழக்கமாச்சு. ஒரு வருஷம் மழை பொய்த்தது. உடன்குடிச் செம்மணல் தேரிக்காட்டில் ஆட்கள் எடுத்துத் தந்த தேனை, உடைமரத்துத் தேன் என்றே நினைத்துக் கொண்டுபோனேன். அக்கா வாசலில் ஒரு சொட்டு நக்கினேன். வாயில் புகையிலை, ருசியே தெரியவில்லை. "நல்ல தேன்" என்றேன்.

அக்கா புட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாங்க: "மருமவளுக்கு வலி கண்டிருக்கு. புள்ளைக்கு இதத்தான் சேனை வைக்கப் போறேன்."

பிறந்த பிள்ளை நாக்கில் வைக்கிற முதல் சொட்டுதான் சேனை.

சேனை

திரும்பும் வழியில் தேரிக்காட்டைப் பார்த்தேன். உடைமரம் ஒன்றுகூடப் பூக்கவில்லை. வேலிக் கள்ளி மட்டும் பூத்துக் கிடந்தது. புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, தகரத்தில் மிச்சமிருந்ததை நக்கினேன். தொண்டை மிளகாயாகக் காந்தியது. பெரியவன் எனக்கே இப்படி என்றால், பச்சைப்புள்ளைக்கு? கள்ளி என்ற பேரைக் கேட்டாலே நம்ம பக்கத்தில் பெற்றவள் நடுங்குவாள்.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் பொம்பளைகள் கூட்டம். உள்ளே பிள்ளை சத்தமே இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வெளியே வந்து, புட்டியை என் முன்னால் வைத்தாங்க. "பேரன் தூங்குதான். ஒன் வாய நம்பாம நானும் ஒரு சொட்டு நக்கிப் பாத்தேன், தொண்டை எரிஞ்சிட்டு. சீனியத்தாம்ல கரைச்சு வச்சேன்."

எந்தச் சீனியைக் கலந்தேன் என்று பழி சுமந்தேனோ, அந்தச் சீனிதான் என்னைக் கொலைப் பழியிலிருந்து காப்பாற்றியது.