மணியம்மாளும் முறை வராத தகடும்

மணியம்மாளின் முன்பல் ஆடத் தொடங்கியபோது அவளுக்கு முப்பது வயதுதான். பல்லில் நோய் ஒன்றும் இல்லை. இறால் தடவப் போகும் பெண்கள், பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் ஏரியில் தவழ்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டுமே, வேறு வழி? காலையில் லேசாக இருக்கும் பறி உச்சிப்பொழுதில் கனத்துத் தாடையை இழுக்கும். பழவேற்காடு ஏரியில் எத்தனையோ பெண்கள் செய்கிற வேலைதான். ஆனால் பாடு உள்ள வீட்டுப் பெண் அதற்கு இறங்குவது அந்தக் குப்பத்தில் வழக்கமில்லை. மணியம்மாள் இறங்கினாள். ஐந்து வருஷம் அப்படித் தவழ்ந்தாள். எல்லாம் புருஷன் வரதனின் தொடைக்குள் இருந்த ஒரு தகட்டால் வந்த வினை.

பாடு என்பது முறை வைத்து மீன்பிடிக்கிற உரிமை. ஏரியில் மீன் நன்றாக ஏறும் இடம் கொஞ்சம், ஏறாத இடம் நிறைய. அடிதடி வராமலிருக்க வருஷா வருஷம் குப்பத்து ஆண்கள் உட்கார்ந்து சீட்டு எடுப்பார்கள். இன்றைக்கு முகத்துவாரத்தில் வலை கட்டியவன் அடுத்த தடவை ஒதுக்குப்புறத்துக்குப் போவான். ஒதுக்குப்புறத்தில் வெறும் பாசியை இழுத்தவன் முகத்துவாரத்துக்கு வருவான். சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடும். வருவதற்கு முன்னாலேயே முறையைக் கேட்டு நச்சரிப்பவனை மட்டும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் படகைக் கரையேற்றும்போது அடியில் போட்ட கட்டை நழுவி, படகு வரதன்மேல் சாய்ந்தது. தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. பொன்னேரியில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் கட்டிலோரம் வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். எலும்பைச் சேர்த்து உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். வழக்கமாக வைப்பது எவர்சில்வர் தகடு. டைட்டானியம் என்று புதிதாக ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது, எடை குறைவு, உடம்போடு நன்றாக ஒத்துப்போகும் என்கிறார்கள். எது ஒசத்தி என்று டாக்டர்களுக்குள்ளேயே போட்டி. அதனால் வருகிறவர்களுக்குச் சீட்டு எடுத்துப் பாதிப்பேருக்கு அது, பாதிப்பேருக்கு இது என்று வைத்துப் பார்க்கிறோம், உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வரதனுக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊரு மாதிரியே நியாயமாத்தான் பண்றாங்கமே" என்று மணியம்மாளிடம் சொன்னான். சீட்டு இருந்த ஒட்டிய உறையைப் பிரித்ததில் அவனுக்கு எவர்சில்வர் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கலந்தருக்குப் புதுசு விழுந்தது. கலந்தர் பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி, பஸ்ஸிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர். வரதனுக்கு அவர்மேல் பொறாமையே இல்லை. இந்தத் தடவை அவருக்கு நல்ல இடம், அடுத்த தடவை நமக்கு. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

தப்பு அங்கேதான் வேர் விட்டது. அவன் முட்டாள் இல்லை. சீட்டு என்றால் சுற்றி வரும் என்பது அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது. சுற்றாத சீட்டை அவன் கண்டதே இல்லை. மணியம்மாளும்தான் கண்டதில்லை, அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வரதன் ஒரு கணக்குப் போட்டான். எவர்சில்வர் என்று பேர்தான் பெரிசு. உப்புக்கண்டம் போட்டு வைத்த தூக்கு புள்ளி புள்ளியாக அரித்துப்போனதை வீட்டிலேயே பார்த்தாயிற்று. படகில் அடித்த ஆணியை இந்த ஏரித் தண்ணீர் என்ன பாடு படுத்துகிறது என்று கேட்கவே வேண்டாம். ஆகவே முறை வந்து புதுத் தகடு வைக்கிறவரை காலைத் தண்ணீரில் வைக்கக்கூடாது. அதற்குள் எவர்சில்வர் அரித்து உள்ளே சீழ் கட்டினால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது.

அப்படியே செய்தான். கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்தான், பிறர் படகுக்குக் காவல் இருந்தான். பாவம், சும்மா இருந்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முறை வந்தும் இறங்காததால் பாட்டில் ஒன்றும் வரவில்லை, கரை வேலையில் ஒரு வேளைக் கஞ்சிகூடத் தேறாது. மிச்சத்தை மணியம்மாள் தண்ணீரிலிருந்து தடவி எடுத்தாள். மார்கழிக் குளிரில் கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தாள். விரலைக் கெளுத்தி முள் குத்திக் கிழித்தது. உடம்பில் உப்பு காய்ந்து வெடித்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடும். அவளுக்கு அலுப்பு என்பது வந்து போகிற ஒன்றாக இல்லாமல் போய், புடவையைப் போல எப்போதும் உடம்பின்மேலேயே இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். படம் எடுப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள். நல்லாயிருக்கு, எல்லா வேலையும் செய், அடுத்த வருஷம் வா என்பார்கள். எல்லா வேலையும் என்றால் கரை வேலை என்று வரதன் எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் வா என்றால் முறை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து கேட்பது மரியாதையில்லை. கலந்தர் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் விறுவிறுவென்று நடந்து போவதைப் பார்க்கும்போது மட்டும் அவர் மறைகிறவரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எண்பத்துமூன்றில் ஊர்த்தலைவர் கோதண்டம் வீடு தேடி வந்தார். வந்த மனிதருக்கும் சங்கடம்தான். ஐந்து வருஷம் தன் முறையில் தானே தண்ணீரில் இறங்காதவனின் பாடு அடுத்தவனுக்குப் போக வேண்டும் என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. சீட்டு எடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வரதன் இந்த முறையும் இறங்காவிட்டால் பாடு கைவிட்டுப் போகும் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். பாடு போனால் வரதனுக்கு அந்த ஏரியில் வலை கட்ட ஒரு முழம் இடம் கிடையாது. மணியம்மாள் சாகிறவரை தவழ வேண்டியதுதான்.

மறுநாளே அவள் வரதனைக் கிளப்பிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனாள். மரியாதையாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது அவளுக்கு. அதே பெரிய டாக்டர், தலை நரைத்திருந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நேராகக் கேட்டாள்.

"ஐயா, எங்க ஆளுக்கு மொற எப்போ வரும்? புதுத் தகடு எப்போ வெப்பீங்க?"

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் பாடு முறையைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், அரித்த தூக்கைச் சொன்னாள், தண்ணீரில் இறங்காத வருஷங்களைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது சுத்தி வர்ற முறை இல்லம்மா. அவருக்கு விழுந்தது அவரோடதான். ஏரித் தண்ணி தோலுக்கு வெளியதானே இருக்கு, அது தகட்டைத் தொடாது. எலும்பு கூடி நாலு வருஷம் ஆச்சு. அப்பவே எறங்கியிருக்கலாம்."

எந்தத் தகடு ஜெயித்தது என்று வரதன் கேட்டான். இரண்டுமே எலும்பைப் பிடித்துக்கொண்டன, எது மேல் என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். தான் இதை அன்றைக்கே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பொன்னேரி பஸ்ஸில் திரும்பினார்கள். பாதி வழியில் வரதன், டாக்டருக்கு வயசாகிவிட்டது, மறந்து சொல்கிறாரோ என்று மெதுவாக ஆரம்பித்தான். மணியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கு தானாகப் போய் ஆடும் பல்லைத் தொட்டது. புருஷனைத் திட்டலாம்தான். ஆனால் அவன் நம்பியதை அவளும்தானே நம்பினாள்.

சீட்டில் வரதனுக்கு முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடமே விழுந்தது. அவன் முறை வந்த காலையில் கோதண்டமும் ஊர் ஆட்களும் கரையில் நின்றார்கள். தண்ணீர் ஓரத்தில் வரதன் வெகுநேரம் தயங்கினான். பிறகு இடது காலை வைத்தான், தகடு இருந்த வலது காலை வைத்தான். முழங்கால் நனைந்தது, தொடை நனைந்தது. கழியையும் வலையையும் தோளில் சாய்த்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தான். நொண்டவில்லை, தள்ளாடவில்லை. கழியைச் சேற்றில் ஊன்றி வலையைக் கட்டிவிட்டுக் கரையைப் பார்த்துத் திரும்பினான். முகமெல்லாம் பல்.

"ஒண்ணும் பண்ணலமே மணி! தண்ணி ஒண்ணுமே பண்ணல!"

மணியம்மாள் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாள். அவன் விழுந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். நாலே எட்டில் அவ்வளவு சுலபமாக நடந்து போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அவள் முதுகைத் தடவி, புருஷன் பொழைச்சு வந்துட்டான், சந்தோஷத்துல அழுவுறா என்று மற்றவர்களிடம் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் என்று நம்பினார்கள்.