மூன்றடி ஆழத்தில் டீத்தூள்

எங்கள் வீட்டில் நான் பிரார்த்தனை செய்யும் மூலையில் தரை கொஞ்சம் சரிவு. விளக்கு வைத்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். திரி பாதியிலேயே கருகி அணைந்துபோகும். என் பக்தியில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு, கூட ஒரு தரம் மன்றாடிவிட்டு எழுந்திருப்பேன். ஒரு நாள் விளக்கு அணையவில்லை. மறுநாளும் நின்று எரிந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று மனசு குளிர்ந்து தரையில் தலை வைத்துக் கும்பிட்டபோதுதான் பார்த்தேன். விளக்குக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கல் ஒன்று செருகியிருந்தது. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஒல்லி. தரையின் சரிவுக்கு அளவெடுத்துச் செய்தது போல.

என் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்து அப்போது சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவளிடம் கேட்டேன். "எந்தக் கல்லு சித்தி?" என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள்.

அவளுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பூமியையும் சுற்றுச்சூழலையும் பற்றிய பட்டப்படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அப்பா, "மண்ணைப் படிக்கப் போறாளாம் மண்ணை! படிப்பாவது மண்ணாங்கட்டியாவது!" என்று குதித்தார். அன்றைக்கு அவளுக்காக வாதாடியவர் என் வீட்டுக்காரர்தான். "சகலை, உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க. மண்ணாங்கட்டியை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளைப் பெட்டியோடு வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் படிப்பு எனக்கு என்ன புரியும்? கட்டிலுக்கு அடியில் கற்கள் சேர்ந்தன. கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கியது. சுத்தியல் ஒன்று சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். களப்பயணம் போய்விட்டு வந்தால் காலுறையை உதறும்போது ஆறு கிளாஸ் மண் கொட்டும்.

"இவளைக் கட்டிக்கப் போறவன் பாவம். வீட்டுச் சுவரை உடைச்சு என்ன பாறைன்னு பார்த்துட்டுத்தான் உள்ளே வருவா" என்பார் அவர்.

"சுவர் செங்கல்லு சித்தப்பா. சுட்ட களிமண்ணு. உங்க தலைதான் பாறை" என்பாள் அவள்.

இப்படியே இருவரும் சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வருவது போல் நடிக்கவேண்டியிருக்கும்.

கடைசி வருடம் எல்லாரும் ஓர் ஆராய்ச்சி செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் மேற்படிப்புக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தானே சிபாரிசு செய்வதாக அவள் ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த இடம்தான் அவளுக்கு எல்லாம். தூக்கத்தில்கூட அந்த ஊர்ப் பெயரைச் சொல்வாள். எங்கே மண் எடுப்பது என்று அவள் யோசித்தபோது, இடம் காட்டியதும் என் வீட்டுக்காரர்தான். அவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். "எங்க கம்பெனிச் சுவருக்குப் பின்னாடி காலி இடம் கிடக்கு. வாட்ச்மேன் நம்ம ஆளு. எவ்வளவு வேணும்னாலும் தோண்டிக்கோ" என்றார். அப்போது அவர் மனசில் கள்ளம் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதலில் மேல்மண்ணை மட்டும் எடுத்துச் சோதித்தாள். ஒரு மாலை ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சித்தப்பா! ஈயம்! எக்கச்சக்கமா ஈயம் இருக்கு! பெயிண்ட்டுல கலக்கற விஷம்தான்! இனிமே அது கீழே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னு பார்க்கணும். நிலத்தடித் தண்ணி வரைக்கும் போயிருந்தா பெரிய விஷயம்!" என்றாள். அவளுக்கு அது கண்டுபிடிப்பு. அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். "ஓகோ" என்றார். அவ்வளவுதான்.

மண்ணைத் திருகித் திருகி எடுக்கும் நீளமான இரும்புக் கம்பியை அவரே வண்டியில் கட்டிக்கொண்டு அவளோடு போனார். அரையடி, ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று ஒவ்வோர் ஆழத்து மண்ணையும் எடுத்து வந்தார்கள். பின்கட்டில் பழைய பேப்பரில் பரப்பி நிழலில் உலர்த்தினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். மேலே இருந்தது கறுப்பு, கீழே போகப் போகப் பழுப்பு, அப்புறம் மஞ்சள். என் கண்ணுக்கே அழகாக இருந்தது. உலர்ந்த பிறகு இடித்துச் சலித்துப் பையில் கட்ட வேண்டும். அதற்குள் அவளுக்குப் பரீட்சை வந்துவிட்டது.

"நீ போய்ப் பரீட்சையை எழுது மண்ணாங்கட்டி. நான் இடிச்சுச் சலிச்சு மூட்டை கட்டி வைக்கிறேன். போன தரமும் நான்தானே செஞ்சேன்?"

"பையை மாத்திக் கட்டிடாதீங்க சித்தப்பா. ஆழம் எழுதின சீட்டு அந்தந்தப் பையிலேயே இருக்கணும்."

"எனக்கே சொல்லித் தரியா? ஸ்டோர் கீப்பர்டி நான்!"

அந்த வாரம் நான் ஒரு நாள் முழுக்கப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீடு திரும்பியபோது என் ரோஜாத் தொட்டியில் புதுச் செம்மண் நிரப்பியிருந்தது. "பழைய மண்ணுல சத்தே இல்லை, அதான் மாத்திட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தச் செடியை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அன்று உச்சி குளிர்ந்துபோயிற்று. ராத்திரி அவருக்காகத் தனியாக நன்றி சொல்லிக் கும்பிட்டேன்.

பரீட்சை முடிந்த கையோடு அவள், சித்தப்பா கட்டிய பைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கல்லூரியில் கொடுத்தாள். சில நாள் கழித்து ஒரு மத்தியானம், தோளில் பையோடு நேரே பின்கட்டுக்குப் போய் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய மண்ணை விரலால் சுரண்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"சித்தி, டீ வடிகட்டின தூளை எங்க கொட்டுவீங்க?"

"இதுலதான் கண்ணு. ரோஜாவுக்கு நல்லதுன்னு சொல்வாங்க."

"இந்தத் தொட்டிக்கு யாரு மண்ணு மாத்தினது?"

"உங்க சித்தப்பாதான்..." என்று ஆரம்பித்தேன். பழைய மண் எங்கே போயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

நடந்ததை அவள் தலை நிமிராமல் சொன்னாள். எல்லாப் பையிலும் ஒரே மண். ஈயம் துளிகூட இல்லை. அதைவிடக் கேவலம், ஆசிரியை பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது மண்ணில் கறுப்புக் கறுப்பாய்ச் சுருண்டு கிடந்ததெல்லாம் டீத்தூள். பொடித்தூள், சல்லடைக் கண்ணிலும் புகுந்து வந்துவிட்டது. வகுப்பே சுற்றி நிற்க, "மூணடி ஆழத்துல யாரும்மா டீ குடிச்சாங்க?" என்று ஆசிரியை கேட்டாராம். தோண்டச் சோம்பல்பட்டு ஏதோ தொட்டி மண்ணை நிரப்பிக் கொண்டுவந்தவள் என்று அவளை ஏமாற்றுக்காரியாக்கி அனுப்பிவிட்டார்கள்.

அவர் வேலை முடிந்து வந்தார். எப்போதும் போலச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன மண்ணாங்கட்டி, ரிசல்ட் வந்துச்சா?" என்றார். அதே குரல். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியவில்லை.

"வந்துச்சு சித்தப்பா. மூணடி ஆழத்துல டீத்தூள் இருக்காம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கண் தொட்டிப் பக்கம் போனது.

"முதலாளி கூப்பிட்டாரு" என்றார். "'தோண்டறது உங்க வீட்டுப் பொண்ணாமே'ன்னு கேட்டாரு. வேற ஒண்ணுமே கேட்கலை. நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா உங்ககூடத்தானே போட்டிருப்பேன்?" என்றாள். பிறகு, "சலிச்சு வேற குடுத்தீங்களே சித்தப்பா. எவ்வளவு பொறுமையா, அவ்வளவு நைசா."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இத்தனை நாள் நீ சாப்பிட்ட சோறு எந்தக் கம்பெனிச் சோறு? நீ என் வாயில மண்ணை அள்ளிப் போடறதுக்குள்ள நான் உன் பையில போட்டேன். போதுமா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் அவர் மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டார், திரும்பவில்லை. வீட்டில் யாருமே கூப்பிடாத அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பவில்லை.

நான் யாரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியையின் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கற்கள். எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "அம்மா, அது என் ரோஜாத் தொட்டி மண்ணு. டீத்தூளும் நான் கொட்டினது. பொண்ணு மேல தப்பு இல்லை. மாத்தினது என் வீட்டுக்காரர்" என்றேன். கட்டினவரை ஊரார் முன்னால் காட்டிக்கொடுக்கிறோமே என்று இருந்தது. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு அந்த விளக்கை எப்படி ஏற்றுவேன்?

ஆசிரியை கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். "அவளை எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேனே" என்றார். பிறகு, "மறுபடி தோண்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் நாள் வாங்கித் தரேன்" என்றார்.

நானும் அவளும்தான் போனோம். கம்பியை நான் தூக்கிக்கொண்டேன். சுவருக்குப் பின்னால் போனால், காலி இடம் முழுக்க வழவழவென்று கான்கிரீட் போட்டிருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம். வாட்ச்மேன் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இனிமே இங்க கார் நிறுத்தப் போறாங்களாம்மா" என்றார். அவள் குதிகாலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். "சித்தப்பா எனக்கு மண்ணு மாத்தினது இதுக்குத்தான் சித்தி. சிமெண்ட் வர்ற வரைக்கும் நாள் கடத்தியிருக்கார்" என்றாள்.

கடைசியில் கல்லூரிக் குப்பைமேட்டைப் பற்றி அவசர அவசரமாய் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழக இடம் கைநழுவிப் போயிற்று. அவருக்குக் கம்பெனியில் ஸ்டோரிலிருந்து ஆபீசுக்கு மாற்றல் வந்தது. சுழல் நாற்காலி. அதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அவள் தூரதேசத்தில், கட்டடம் எழுப்புவதற்கு முன் மண்ணைச் சோதிக்கும் ஓர் ஆபீசில் இருக்கிறாள். எனக்குப் போன் செய்வாள். மண் எடுத்த பையை யாரிடமும் கொடுக்க மாட்டாளாம், அதற்கு முத்திரைகூட அவளே வைப்பாளாம். இங்கே வந்ததே இல்லை.

அவள் கிளம்பிய காலையில் அவர் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். அவள் வேறு வண்டிக்குச் சொல்லியிருந்தாள். பெட்டியை அவர் தூக்கியபோது மட்டும் தடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த கல்லையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்று விட்டுப்போகக் கூடாதே என்று, விளக்கை நகர்த்தி அந்தக் கறுப்புக் கல்லைத் துடைத்து ஒரு துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் துணியைப் பிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கல்லைப் பழைய இடத்திலேயே செருகி, விளக்கைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். எண்ணெய் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும் சித்தி" என்றாள். "தரை இன்னும் சாஞ்சுதானே இருக்கு."