சிள்வண்டுப் பெட்டிக்கு அடித்த மருந்து

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் மகளின் தட்டில் விஷம் வைத்தார். தெரிந்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று சொல்கிறேன். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

நான் ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மயிலாப்பூர்க் குளத்திலிருந்து மந்தைவெளி போகிற வழியில், பழைய அடுக்குமாடி ஒன்றில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள். பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், சாப்பிடுவதற்காகச் சிள்வண்டு வளர்த்தேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்து முடித்துவிட்டு வாருங்கள்.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. அடையாறு ஆற்றோரத்தில் குடிசை இருந்த காலத்தில், முதல் மழைக்குத் தெருவிளக்கின் கீழ் ஈசல் பிடித்து, வறுத்து, பொரியில் கலந்து தின்ற குடும்பம் எங்களுடையது. செயலாளரின் மகன் ஜிம்முக்குப் போய்விட்டு வந்து டப்பாவிலிருந்து மாவு கரைத்துக் குடிக்கிறான். அதற்குப் பெயர் புரதம். அதே சத்தை நான் வீட்டில் வளர்த்தால் அதற்குப் பெயர் அசிங்கம்.

பெட்டியைச் செய்ய நிறைய நாள் பிடித்தது. முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தேன். மூடிக்கு நைலான் வலை போட்டிருந்தேன், கடித்து ஓட்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டன. பிறகு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், குஞ்செல்லாம் அதில் விழுந்து செத்தன. அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. தி. நகரில் ஒரு வீட்டில் கழித்துப்போட்ட ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜைத் தூக்கிவந்தேன். கம்ப்ரஸரையும் கூலிங் காயிலையும் கழற்றிவிட்டு, கதவு மேலே பார்க்கிற மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்தேன். உள்சுவர் வழுவழு பிளாஸ்டிக், சிள்வண்டால் ஏற முடியாது. வெயில் நேராகத் தாக்காது. கதவில் சதுரமாக வெட்டி எவர்சில்வர் வலை அடித்தேன். உள்ளே கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கினேன், ஒளிந்துகொள்ள இடுக்கு வேண்டுமே. தண்ணீருக்கு நனைத்த பஞ்சு. முட்டையிட ஒரு தட்டில் ஈரமான தேங்காய் நார்த்தூள். பெட்டியை ஒரு இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, எறும்பு ஏறாமலிருக்க அதன் நாலு காலையும் கிண்ணத்தில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினால் கொசு வருமே என்று, கழற்றிய கம்ப்ரஸரின் எண்ணெயையே அதில் ஊற்றினேன். இந்தக் கட்டடத்தில் கொசு முட்டையிட முடியாத ஒரே இடம் என் பெட்டியின் கால்தான்.

ராயப்பேட்டையில், வளர்ப்பு மீனுக்குத் தீனியாகச் சிள்வண்டு விற்கிற கடையிலிருந்து விதைக்கு வாங்கிவந்தேன். அதில் எதையும் நாங்கள் சாப்பிடவில்லை. அதன் குஞ்சுகள், எங்கள் வீட்டுத் தவிடும் காய்கறித் தோலும் தின்று வளர்ந்தவை மட்டும்தான் எங்களுக்கு.

"அவனவன் ஃப்ரிட்ஜுல சாப்பாடு வெப்பான். நீ இன்னாடான்னா சாப்பாட்டையே மேய வுட்டுக்கினு கீற" என்றாள் மனைவி. ஆனால் முதல் ஈட்டை வறுத்துப் பொடித்து அடை மாவில் கலந்தது அவள்தான். மகள் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

காய்கறித் தோல் தந்தது மேல்வீட்டு மாமி. சாயங்காலம் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்குவார். கேரட் தோல், பீட்ரூட் தோல், கீரைத் தண்டு. எதற்கு என்று ஆரம்பத்தில் நான் சொல்லப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். "எதுக்குன்னு நேக்குச் சொல்லாதே. வீணாப் போகாம இருந்தாச் சரி." அதற்கப்புறம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கெடுத்தது ஒரு வார்த்தை. என் மனைவி ராயப்பேட்டையில் பிறந்தவள். அவள் தெருவில் சிள்வண்டுக்குப் பெயர் பாச்சை. தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் குடத்தோடு நின்ற பெண்களிடம் பாச்சை வளர்க்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குப் பாச்சை என்றால் கரப்பான். அன்று மதியமே, கீழ்வீட்டுக்காரன் கரப்பான் வளர்க்கிறான் என்று செய்தி மூன்றாவது மாடி வரைக்கும் போய்விட்டது. செயலாளருக்கும் போனது. என் வீட்டுக் கதவு அவர் வீட்டுக் கதவிலிருந்து கூப்பிடு தூரம். வந்து ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கலாம். மூடியைத் திறந்தே காட்டியிருப்பேன்.

அவர் பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டார்.

அன்று நான் தி. நகரில் ஒரு துணிக்கடை ஏ.சி.யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். முதுகில் டேங்க் கட்டிய ஆள் பின்சந்து வழியாக வந்து, எங்கள் கம்பி ஜன்னலுக்குள் குழாயை நீட்டி, வலை போட்ட மூடியின் மேல் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். அறிவிப்பு கிடையாது. ஒரு போன் கிடையாது.

சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்தேன். வளர்ந்த சிள்வண்டைப் பிடிப்பது லேசான வேலை இல்லை, மூடியைத் தூக்கினாலே தெறிக்கும். அன்று அப்படியே மந்தமாக உட்கார்ந்திருந்தன. குளிர்ந்தால் அப்படித்தான் அடங்கும். பகலில் மழை பெய்திருந்தது, அதனால் என்று நினைத்தேன். "இன்னிக்கு இன்னா, தானா வந்து கையில வுழுது" என்று மனைவிகூடச் சந்தோஷப்பட்டாள். அள்ளி ஃப்ரீஸரில் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் கழுவி, வேகவைத்து, பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்தாள். மகள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

வெளியே கூடை இறங்கவில்லை. மாமியின் குரல்தான் இறங்கியது.

"தோல் போடலாமா? நேத்து மத்தியானம் உங்காத்து ஜன்னல்ல மருந்து அடிச்சாளே, சொன்னாளோ? மருந்து பட்டதைச் சாப்பிட்டு வெச்சுடாதேங்கோ."

நாங்கள் அதைச் சாப்பிடுகிறோம் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், மாமி அதை முதல் நாளிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறார். அது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிடம் மகளின் விரல் தட்டில் இருந்தது. தட்டைத் தட்டிவிட்டேன். சுவரில் பட்டுத் தெறித்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாயில் போட்டாயா, போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டு அழுதாள். மாமி சொல்ல மறந்திருந்தால்? அன்று மாமி மகள் வீட்டுக்கு நங்கநல்லூர் போயிருந்தால்?

பெட்டியில் மிச்சமிருந்தவை மல்லாந்து கிடந்தன. நார்த்தூள் தட்டிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை.

மேலே போய், நாங்கள் சாப்பிட வளர்த்ததன் மேல் மருந்து அடித்துவிட்டீர்களே என்று செயலாளரைக் கேட்டேன். ஏதோ விசேஷம் முடிந்து வந்த பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார்.

"எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன்? மருந்துதானே அடிச்சோம், விஷமா வெச்சோம்?"

"இன்னா மருந்து சார்?"

"வழக்கமா அடிக்கிறதுதான். வாசனையே இல்லாததா அடிக்கச் சொன்னேன், உங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு."

வாசனை இல்லாததை அவர் பெரிய உபகாரம் மாதிரி சொன்னார். வாசனை இருந்திருந்தால் நான் அதை மகளின் தட்டு வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். பூச்சி தின்கிற வீட்டில் வேறென்ன செய்வது என்றார். அவர் இடுப்பில் கட்டியிருந்ததே புழுவைக் கொதிக்கவைத்து எடுத்த நூல்தான் என்றேன். கதவைச் சாத்திவிட்டார்.

கொல்வதற்கென்றே செய்த ஒன்றுக்கு மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். காய்ச்சலுக்குத் தருவதும் மருந்து, கம்பி வழியாக என் வீட்டுக்குள் அடித்ததும் மருந்து. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவர் வசதியாக நின்றுகொள்கிறார். டேங்கில் என்ன இருந்தது என்று பிறகும் பல தடவை கேட்டுவிட்டேன். அந்த ஆளுக்குத்தான் தெரியும் என்கிறார். அந்த ஆளின் நம்பரைக் கேட்டால் பார்த்துத் தருகிறேன் என்கிறார். பூச்சி வளர்க்கக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தால், எடுக்கட்டும், அங்கே வந்து சண்டை போடுகிறேன். இது வேறு. என் பிள்ளை எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடக்கிறது. மைக் உங்கள் கையில்தான் இருக்கும், செயலாளரே. எல்லா வீட்டுக்காரர்களும் இருப்பார்கள், மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் ஜன்னலுக்குள் நீங்கள் அடிக்கச் சொன்னது என்ன? டப்பாவைக் கொண்டுவந்து, அதன் மேல் எழுதியிருக்கிற பெயரை அத்தனை பேர் முன்னாலும் வாசியுங்கள். மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.