புரோகிராமுக்குள் மாட்டிக்கொண்ட என் குரல்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஆசையாகக் கேட்பார்கள்: "ஆடியோ, படம் எல்லாத்தையும் புரோகிராமுக்குள்ளயே வெச்சு கம்பைல் பண்ணிடலாமா மேடம்?" தாராளமாகச் செய்யலாம். நான் செய்தேன். ஊரே கேட்டது.

1. கல்யாண வீடியோ

செங்கம் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் எங்கள் ஆபீஸ். பாஸ், நான், ஒரு பிரிண்டர். மூவரில் பிரிண்டர்தான் அடிக்கடி லீவு போடும்.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில், கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போனவர்களுக்கு உதவி மையம் நடத்தும் ஒரு சங்கத்துக்கு அறிவிப்பு புரோகிராம் செய்து கொடுத்தோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பட்டன். அமுக்கினால், "உங்கள் உறவினர் உதவி மையத்தில் காத்திருக்கிறார், உடனே வரவும்" என்று பதிவு செய்த குரல் ஸ்பீக்கரில் வரும்.

முதல் பௌர்ணமியன்றே ஊமையாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், குரல் ஃபைல்கள் இருந்த ஃபோல்டரையே காணோம். சங்கச் செயலாளர் அலட்டிக்கொள்ளவில்லை.

"அதுவாம்மா? பொண்ணு கல்யாண வீடியோவுக்கு எடம் பத்தல. வேணாத ஃபைலு ஜாஸ்தியா இருந்துச்சு, தூக்கிட்டேன்."

மூன்று சின்ன ஃபைலை அழித்து ஒரு கல்யாணத்துக்கே இடம் பிடித்த மேதை.

பாஸ் கொதித்துவிட்டார். "எல்லாத்தையும் புரோகிராமுக்குள்ள வெச்சுடும்மா. அவரு இல்ல, அவங்கப்பன் வந்தாலும் அழிக்க முடியக்கூடாது."

2. கன்னடம் இங்கே வரும்

வழி சுலபம். ஒரு சின்ன டூலில் ஒலி ஃபைலைக் கொடுத்தால், வரிசை வரிசையாக எண்களாக்கித் தரும். அந்த எண்களை நாங்கள் எழுதும் வரிகளான சோர்ஸில் சேர்த்து, கம்பைல் செய்து ஓடும் புரோகிராமாக மாற்றினால் குரலும் புரோகிராமும் ஒன்று.

கன்னடம் பேச மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அதுவரை இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று என் குரலிலேயே ஒன்று பதிந்து, எண்களாக்கிச் சேர்த்தேன்: "கன்னடம் இங்க வரும். ஆள் கிடைக்கல. பாஸ் ஓசியில முடிக்கப் பாக்குறாரு."

இரண்டு நாளில் ஒரு கஃபே கேஷியர் கன்னடத்தில் அழகாகப் பேசிக் கொடுத்தார், ஓசியில்தான். அதை அதே பெயரில் ஃபோல்டரில் போட்டேன், கிளிக் செய்து கேட்டேன், தேன். கம்பைல் செய்து கொடுத்துவிட்டேன். மறுபடி எண்களாக மாற்ற வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது. ஃபோல்டரில் கேஷியர், புரோகிராமுக்குள் நான்.

3. அடுத்த பௌர்ணமி, மாலை ஐந்து மணி

பெருமை பார்க்க பாஸும் கூட வந்திருந்தார். தும்கூரிலிருந்து வந்த ஒரு அம்மா அழுதுகொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். கூட்டத்தில் கணவரைத் தவறவிட்டிருந்தார். ஃபோன், பர்ஸ் எல்லாம் கணவரிடம். "பஸ், பஸ்" என்று சொல்லி ஆறு விரலைக் காட்டினார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்களில் யாருக்கும் கன்னடம் தெரியாது.

செயலாளர் கம்பீரமாகக் கன்னட பட்டனை அமுக்கினார்.

"...பாஸ் ஓசியில முடிக்கப் பாக்குறாரு" என்று கிரிவலப் பாதை முழுக்க முழங்கினேன். டீக்கடையில் சிரிப்பு. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் முழங்கினேன்.

"இது யாரு கொரலு?" என்று பாஸ் கேட்டார், தெரிந்துகொண்டே.

"அழிச்சுடும்மா அத," என்றார் செயலாளர். இந்த விஷயத்தில் அனுபவசாலி.

முடியாதே! அவங்கப்பன் என்ன, எழுதிய நானே வந்தும் முடியவில்லை. சோர்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில்; அன்று பாதையில் ஆட்டோகூட விடமாட்டார்கள். எனக்குப் போனது மானம். அந்த அம்மாவுக்குப் போகப்போவது பஸ். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

வேறு வழி தோன்றாமல், ஓரமாகக் கிடந்த பழைய மைக்கை எடுத்து ஸ்பீக்கரில் செருகி அவர் கையில் கொடுத்தேன். ஒரு நொடி விழித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஊர் மனைவிமார் கணவனைக் கூப்பிடும் ஒரே எழுத்தில் கத்தினார்.

"ரீ...!"

பத்து நிமிடத்தில் நாலு பேர் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ஒருவர் இவருடையவர். அந்த அம்மா அவரைத் திட்டியதும், மற்ற மூவரும் பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள், கம்பைல் செய்யும்போதெல்லாம் எண்களும் தானாகவே புதிதாக மாறும்படி செய்தேன். இப்போதெல்லாம் ஃபோல்டரைக் கிளிக் செய்து நான் திருப்திப்படுவதில்லை. வாடிக்கையாளர் அமுக்கும் பட்டனையே அமுக்கிக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

கேஷியரின் குரல் உள்ளே ஏறிய புது புரோகிராமைக் கொண்டுபோய்ப் போட்டேன். செயலாளர் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு புருஷனும் வரமாட்டான்மா."