உஷ் டீச்சரின் வீட்டு மாணவர்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘உஷ் டீச்சர்’. அவள் பாட்டு டீச்சர்தான். ஆனால் வகுப்பு முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான் என்பதால் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது.

பாடம் தயாரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சாப்பாட்டு மேசையில் வண்ணக் காகிதம், கத்தரிக்கோல், கூழாங்கல் போட்ட பாட்டில் என்று கடை விரித்துவிடுவாள். எல்லாவற்றையும் முதலில் வீட்டுக்காரரிடம்தான் சோதித்துப் பார்ப்பாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற அந்த மனிதர், மனைவி “பிள்ளைகளா, உட்காருங்க” என்றதும் தரையில் சம்மணம் போட்டு, வாயில் விரல் வைத்துக்கொள்வார். பாடச் சொன்னால் பாடுவார், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். அவருக்கும் ராகத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பாடம் தோற்றதே இல்லை.

திங்கட்கிழமை அதே பாடம் இரண்டாம் வகுப்பில் காற்றில் பறக்கும். தாளம் போடக் கொடுத்த பாட்டிலால் பிள்ளைகள் அடுத்தவர் முதுகில் தாளம் போட்டார்கள். நாற்பது வயதுப் பிள்ளையிடம் ஒத்திகை பார்த்துவிட்டு ஏழு வயதுப் பிள்ளைகளிடம் போகிறோமே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. படித்தவள்தான், என்ன செய்வது!

கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“உங்க வகுப்புச் சத்தம் என் ரூம் வரைக்கும் வருது டீச்சர். கணக்கு சார் வேற அந்தப் பீரியடைக் கேட்டுக்கிட்டே இருக்கார். வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கறேன். சரியில்லேன்னா அவருக்குக் குடுத்துடுவேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு போனால் மற்ற வகுப்புகளும் பின்னாலேயே போகும். பாட்டே இல்லாத பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சருக்கு என்ன வேலை?

காகிதத்தில் பெரிய மாடிப்படி வரைந்தாள். படிக்கு ஒரு ஸ்வரம். ‘ஏறு ஏறு படியேறு’ என்று தானே ஒரு பாட்டும் கட்டினாள். தினமும் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. ஏற வேண்டிய இடத்திலெல்லாம் வீட்டுக்காரரின் குரல் சறுக்கிக் கீழே வந்தது.

“ஏறணுங்க, ஏறணும்!”

“ஏறிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

வெள்ளிக்கிழமை பதற்றத்தில் அந்த மாடிப்படியை மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். போன் போட்டதும் வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு, காகிதச் சுருளோடு ஓடிவந்தார். அதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகியிருந்தது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. ஜன்னலுக்கு வெளியே கணக்கு சார் சும்மா போகிற மாதிரி இரண்டு முறை போனார்.

“பிள்ளைகளா, உட்காருங்க!” என்றாள், குரல் உடைய.

ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. வாசலில் நின்ற வீட்டுக்காரர் உட்கார்ந்தார். சுருளைக் கீழே போட்டுவிட்டு, சம்மணம் போட்டு, வாயில் விரல் வைத்துக்கொண்டார். எல்லாம் பழக்க தோஷம்.

வகுப்பு கப்சிப். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் வாய் தானாக முதல் வரியைப் பாடிவிட்டது. அவரும் தானாகத் திருப்பிப் பாடினார். குரல் வழக்கம்போலச் சறுக்கியது.

“ஐயோ, தப்பு! மாமா, மேல போகணும்!” என்று ஒரு ரெட்டைச் சடைக்காரி துள்ளி எழுந்து சரியாகப் பாடிக் காட்டினாள். அவர் மறுபடி பாடினார். இன்னும் கீழே போனார். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தன் அவர் மோவாயைப் பிடித்து மேலே தூக்கினான். அவருக்குப் புரியவைப்பதற்காக எல்லோரும் சேர்ந்து, சுருதி பிசகாமல், திரும்பத் திரும்பப் பாடினார்கள். தலைமையாசிரியையின் கையும் ‘மேலே, மேலே’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

மணி அடிக்கிற நேரத்தில் தப்பித்தவறி ஒருமுறை சரியாக வந்துவிட்டது. வகுப்பு ஆரவாரம் செய்தது. பள்ளி நாட்களில் ‘நீ வாயை மட்டும் அசைடா’ என்று பின்வரிசையில் நிறுத்தப்பட்ட மனிதர் அவர். கண் கலங்கிவிட்டது.

“பீரியட் உங்களுக்கேதான் டீச்சர். ஆனா அந்த மாணவர் வாராவாரம் வந்துடணும்” என்றார் தலைமையாசிரியை.

ஞாயிற்றுக்கிழமை அவரே மேசையைத் துடைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த வாரம் எந்த இடத்துல தப்பாப் பாடணும்னு சொல்லு, இப்பவே பழகிக்கறேன்.”

“நீங்க சரியாப் பாடப் பாருங்க,” என்றாள் அவள். “அது போதும்.”